பூட்டிய வீட்டுக்குள் எட்டு மணி நேரம்

மூன்று வாரம் நான் தினமும் காலையில் வேலைக்குப் போய் வந்தேன். முன்கதவால் வெளியே இறங்கி, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் படிகளைத் தாண்டி, கோயிலுக்குப் பின்னால் திரும்பி, தேயிலைக்குள் குனிந்து நடந்து, அதே வீட்டின் பின்கதவால் உள்ளே நுழைவேன். மொத்தம் இருபது நிமிட நடை. இதைக் கேட்கிறவர்கள் எனக்கு ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கழன்றது உண்மைதான். ஆனால் காரணத்தோடு கழன்றது.

அப்போது கொழும்பில் உடுப்பு விற்கும் ஓர் இணையக் கடையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. வாடிக்கையாளர்கள் எழுதிக் கேட்கும் கேள்விகளுக்கு, அவர்கள் கொடுத்த லேப்டாப்பில் வீட்டிலிருந்தே பதில் எழுத வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும், கொஞ்சம் ஆங்கிலத்திலும். அதற்கு முன் நான்கு வருடம் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றிருக்கிறேன். நின்றேன் என்றால் நின்றதுதான், உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. கால் வீங்கி, போர்டிங் அறையில் எட்டுப் பேரோடு படுத்து, வருடத்துக்கு இரண்டு தடவை கோச்சி ஏறி வீட்டுக்கு வந்து போன காலம் அது. இப்போது அம்மா சுட்ட ரொட்டியைச் சூடாகத் தின்றுவிட்டு, கம்பளிக்குள் காலை விட்டுக்கொண்டு சம்பளம் வாங்கலாம். முதல் நாள் சந்தோஷத்தில் வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று ஆடினேன். அம்மா கையில் கரண்டியோடு நின்று பார்த்துவிட்டு, "போதும், கூரைத் தகரம் பேந்துரும்" என்றார்.

ஆனால் முதல் மூன்று மாதம் தற்காலிகம். எந்தக் கேள்விக்கும் மூன்று நிமிடத்துக்குள் பதில் போயாக வேண்டும். திரையின் மூலையில் என் சராசரி நிமிடத்தைக் காட்டும் ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றுக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. முடிவில் பச்சையாக இருந்தால் வேலை நிரந்தரம். சிவப்பாக இருந்தால் மறுபடியும் கொழும்பு, மறுபடியும் நிற்பது.

நேரத்தை ஒழுங்காகச் செலவிடுவது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்களை வரிசையாகப் பார்த்தேன். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்றார். எனக்குப் பிடித்துப்போய், கலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று நிறப் பேனாவால் அட்டவணை போட்டேன். அவரே இன்னொரு வீடியோவில், உங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், உலகம் வெளியே நிற்கட்டும் என்றார். நல்ல மனிதர், லயத்தைப் பார்த்ததில்லை. எங்களுக்கு ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு. நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. மூன்றாவது வீட்டில் கடுகு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. எங்கள் லயத்தில் வேலை என்பது போகிற இடம். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறினால் அது வேலை. பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போனால் அதுவும் வேலை. எங்கேயும் போகாமல் வீட்டில் இருப்பவர் சும்மா இருப்பவர். கையில் என்ன இருந்தாலும் சரி, சும்மாதான்.

பக்கத்து வீட்டு அத்தைதான் முதலில் வந்தார். சொந்த அத்தை இல்லை, ஆனால் நான் பேசக் கற்ற நாளிலிருந்து அத்தை. இருபத்தேழு வருடம் கொழுந்து எடுத்துவிட்டு, வேலையிலிருந்து நின்று ஒன்பது வருடம் ஆகிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் வீடு அவர் பொறுப்பு.

"புள்ள, சும்மாதான இருக்க. ஒலையில சோறு கெடக்கு, ஒரு பார்வ பாத்துக்க. பீலியில தண்ணி புடிச்சிட்டு ஓடியாந்துர்றேன்."

பார்த்துக்கொண்டேன். அன்று ஒரு வாடிக்கையாளர் நீல நிறச் சட்டை பெரிய அளவில் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். ஒரு கண் திரையிலும் ஒரு கண் பானையிலுமாக இருந்ததில், "இன்னும் அஞ்சு நிமிஷம் வேகட்டும்" என்று அவருக்குப் பதில் போட்டுவிட்டேன். அவர் வெகு மரியாதையாக, "சரி, காத்திருக்கிறேன்" என்று எழுதினார்.

சோற்றைத் தொடர்ந்து விறகு வந்தது. மழை வந்தால் எடுத்து உள்ளே போட வேண்டுமாம். பிறகு கிராம சேவகருக்குச் சிங்களத்தில் கடிதம். பிறகு யாரோ வருவதாகச் சொல்லியிருந்த கேஸ் சிலிண்டர். அத்தையைப் பார்த்து மற்ற எட்டு வீடும் வந்தன. முடியாது என்று சொல்லிப் பழகுங்கள் என்றார் கழுத்துப்பட்டிக்காரர். ஒரு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "அத்தை, பதினோரு மணி வரைக்கும் என்னால முடியாது" என்றேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "அதுக்கென்னம்மா, ஒக்காந்துருக்கேன்" என்று எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, பதினோரு மணி வரைக்கும் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். கதவில் "வேலை நடக்கிறது, தட்ட வேண்டாம்" என்று எழுதி ஒட்டினேன். அன்றைக்குத்தான் அதிகம் பேர் தட்டினார்கள். என்ன வேலை, சீமெந்து பூசுகிறீர்களா என்று விசாரிக்க.

மூன்றாம் மாதத்தின் முதல் வாரத்தில் எங்களை மேற்பார்வை செய்த சிங்களப் பெண் அழைத்தார். நாங்கள் அவரை மிஸ் என்போம். "நீ நன்றாக எழுதுகிறாய், வாடிக்கையாளர்களுக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. ஆனால் எண் சிவப்பாகவே இருக்கிறது. இன்னும் மூன்று வாரம்தான். அதற்குள் பச்சையாகாவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது." போனை வைத்துவிட்டு அழுதேன். அழுவதற்கும் சரியாக இரண்டு நிமிடம்தான் கிடைத்தது, யாரோ தேங்காய் துருவி கேட்டு வந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அம்மா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பினார். அத்தை இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். சோற்றைப் பார் என்று சொல்லவில்லை, விறகை எடு என்று சொல்லவில்லை. போகிறவரை எங்கள் லயத்தில் யாரும் நிறுத்த மாட்டார்கள். நான் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். போனால் போதும். எங்கே போகிறேன் என்பது முக்கியமில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் திட்டத்தைச் சொன்னேன்.

"பைத்தியம் புடிச்சிருச்சாடி ஒனக்கு" என்றார். அடுப்புப் பக்கம் திரும்பினார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நா வெளிய பூட்ட போட்டுட்டுப் போறேன். அப்பதான் நம்புவாங்க."

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அதனால் சதி சுலபமாக இருந்தது. நானுஓயாவில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா பீலிக்கரையில் சொல்லி வைத்தார். பீலிக்கரையில் சொன்னால் ராகலை வரைக்கும் போய்ச் சேரும். திங்கட்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டை, கைப்பை, சோற்றுப் பெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு மற்ற ஒன்பது வாசலிலும் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அம்மா பின்னாலிருந்து, "பஸ்ஸ விட்டுறாதடி" என்று தேவைக்கு அதிகமாகக் கத்தினார். அவருக்குள் இப்படி ஒரு நாடகக்காரி இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. கோயிலுக்குப் பின்னால் திரும்பிப் பனியில் நனைந்த செடிகளுக்குள் குனிந்து ஓடும்போது எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. வேலைக்குப் போகும்போது இத்தனை சிரித்தவள் இந்தத் தோட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது ஒரு தனிக் கலை. லேப்டாப்புக்கு சிக்னல் கிடைப்பது அடுப்பு இருக்கும் குசினியின் பின்மூலையில் மட்டும்தான், அங்கே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். அடுப்பு பற்ற வைக்கக் கூடாது, பூட்டிய வீட்டிலிருந்து புகை வருமா? ரேடியோ கூடாது. இருமல் வந்தால் தலையணைக்குள். செருப்புப் போடாமல் சாக்கு மேல் நடை. கைபேசியை ஊமையாக்கி ஒரு துணிக்குள் சுற்றி வைத்தேன், அதன் பக்கமே போகவில்லை. மற்ற எந்த ஊரிலும் கிடைக்காத அமைதி எனக்குக் கிடைத்தது. முதல் நாள் முடிவில் எண் நான்கிலிருந்து மூன்றரைக்கு இறங்கியிருந்தது.

ஒரே ஒரு பிரச்சினை கழிப்பறை. அது வீட்டுக்குப் பின்னால் பதினைந்து அடி தள்ளி இருக்கிறது. அங்கே போக வேண்டுமானால் அத்தை அந்தப் பக்கம் இல்லாத நேரம் தெரிய வேண்டும். அதனால் கழுத்துப்பட்டிக்காரரின் அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தத்தை வைத்துப் புதிதாக ஒன்று எழுதத் தொடங்கினேன். ஆறு ஐம்பதுக்கு அத்தை பேரனைக் குளிப்பாட்டுகிறார். ஏழு பத்துக்கு அவனை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக்காம்பராவில் விடப் போகிறார். ஏழே முக்காலுக்கு பீலியில் முதல் குடம். எட்டுக்கு இரண்டாவது. எட்டரைக்குத் துணி. ஒன்பதேகாலுக்குக் கடைசி வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்திருந்ததால் அவளுக்குச் சுடுதண்ணீர். பத்து இருபதுக்கு ஆட்டுக்குக் கொழை ஒடிக்க மேலே ஏறுகிறார். அந்த அரை மணி நேரம்தான் எனக்கு விடுதலை. அடுத்தது ஒன்றே முக்காலுக்கு, அவர் விறகுக்குப் போகும்போது. இரண்டு நாளில் தாள் நிறைந்துவிட்டது. அதை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அவர் குடத்தை இறக்கும் சத்தம் கேட்டால் ஒரு மூச்சு எடுத்துக்கொள்வேன், துணி துவைக்கத் தொடங்கினால் முழு மூச்சாக எழுதுவேன். வேலை நேரத்தை அவர்தான் எனக்குப் பிரித்துக் கொடுத்தார், அது அவருக்குத் தெரியாது.

ஐந்து மணிக்குப் பின்கதவால் வெளியேறி, வந்த வழியே போய், படியேறி முன்பக்கமாக வீட்டுக்கு வருவேன். அத்தை இஸ்தோப்பில் தேத்தண்ணியோடு நிற்பார்.

"பஸ்ஸுல நின்னுக்கிட்டேயா வந்த? மொகமெல்லாம் வாடிக் கெடக்கு."

"இன்னிக்கு எடம் கெடச்சிச்சு அத்தை."

நான் தினமும் ஒரு பஸ்ஸைப் புதிதாகக் கற்பனை செய்தேன். ஒரு நாள் டயர் வெடித்தது. ஒரு நாள் கொண்டக்டர் மிச்சம் தரவில்லை. அத்தை அந்தக் கொண்டக்டரைப் பத்து நிமிடம் திட்டினார், எனக்காக. அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கும்போது மட்டும் வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து நாலு அடி தள்ளி உட்கார்ந்திருந்தவளுக்கு, தூரத்திலிருந்து களைத்து வந்தவள் என்று நினைத்து அவர் இரண்டு கரண்டி சீனி கூடப் போட்டிருப்பார்.

இரண்டாவது வாரம் எண் பச்சையானது. மூன்றாவது வாரம் முழுக்கப் பச்சை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு மிஸ் வீடியோவில் பேசுவார், அதில்தான் முடிவு என்று செய்தி வந்தது. அத்தை கொழை ஒடிக்கப் போயிருக்கும் நேரம், மெதுவாகப் பேசி முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அன்றைக்கு மழை. மழையென்றால் கொழை ஒடிக்கப் போவதில்லை என்பதை என் கணக்கு யோசிக்கவில்லை. தகரத்தில் மழை விழ, என் சத்தம் மிஸ்ஸுக்குக் கேட்கவில்லை. "சத்தமாகப் பேசு, சத்தமாக" என்றார். நானும் பதற்றத்தில் எல்லாவற்றையும் மறந்து, பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்து, தொண்டை கிழியச் சிங்களத்தில் பேசினேன். மிஸ் ஏதோ சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது மழை சட்டென்று குறைந்தது, முன்பக்கம் ஆட்கள் சேர்ந்து நிற்பது கேட்டது.

"பூட்டு பூட்டுன மாதிரியே இருக்கு." அது அத்தையின் குரல். "உள்ள ஒருத்தி சிங்களத்துல சிரிக்கிறா."

"கள்ளன் சிரிப்பானா?" என்றது இன்னொரு குரல்.

"நீ இங்கயே நில்லு, நா பின்னால போய்ப் பாக்குறேன்."

எங்கள் லயத்தில் பின்கதவுக் கொக்கிகளை வெளியிலிருந்து ஒரு குச்சியால் தூக்கிவிடலாம். அது எல்லோருக்கும் தெரியும். நான் எழுவதற்குள் மிஸ் திரையில் கண்ணை விரித்து, "உனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள்" என்றார். திரும்பிப் பார்த்தேன். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் விறகுக் கட்டையை ஓங்கியபடி அத்தை.

நான் வாயில் விரலை வைத்தேன். வேறொன்றும் தோன்றவில்லை. அத்தை என்னைப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டையையும் அதற்குக் கீழே கம்பளி சுற்றிய காலையும் பார்த்தார். திரையில் இருந்த மிஸ்ஸைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். கட்டை மெதுவாக இறங்கியது. மிஸ்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வந்த வழியே வெளியே போனார். என் கதை முடிந்தது, லயம் முழுக்க இப்போது உள்ளே வரும் என்று நினைத்தேன்.

"டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்று முன்பக்கத்தில் சொன்னார் அத்தை. "அணச்சிட்டேன்."

"அவங்க டிவி போன மாசமே பழுதாப் போச்சே."

"இப்ப நல்லா ஓடுது. போங்க, போய் வேலையப் பாருங்க."

டிவியை அணைத்தாயிற்று என்றால் அதற்குப் பிறகு நான் பேசக் கூடாது. மிஸ் கேட்ட கேள்விகளுக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். "ஏன் பேசமாட்டேன் என்கிறாய்? எப்படி இந்த எண்ணை இறக்கினாய் என்று கேட்கிறேன்" என்றார். வேறு வழியில்லாமல் எழுத்தில் பதில் போட்டேன். பூட்டு, கோயில், தேயிலை, சாக்கு, டிவி, எல்லாவற்றையும். படிக்கப் படிக்க மிஸ் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, திங்கட்கிழமையிலிருந்து நீ நிரந்தரம் என்றார். கத்த முடியாது. ஆட முடியாது. துவாயை வாயில் கடித்துக்கொண்டு தரையில் உருண்டேன்.

உருண்டு எழுந்தபோது அத்தை பின்கதவு வழியாகத் திரும்பி வந்து, சுவரில் இருந்த தாளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. அவரிடமிருந்து ஒளிவதற்காக எழுதிய தாள் அது.

"இது எந்த அத்த?" என்று காதோடு கேட்டார்.

"நீங்கதான்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

விரல் மேலிருந்து கீழே போனது, மறுபடியும் மேலே போனது. "நான் எப்ப ஒக்காருறேன், அத எழுதலையே?"

தாளைப் பார்த்தேன். இரண்டு நாள் காது கொடுத்துக் கேட்டு எழுதி, மூன்று வாரம் சரிபார்த்தது. "நீங்க ஒக்காரல அத்தை."

கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் எங்கள் கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். "மருமக, சும்மாதான இருக்கீங்கன்னு சொல்லும். நானும் ஆமான்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை, அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு களவாணிச் சிரிப்பு வந்தது. அம்மாவிடம் நான் பார்த்த அதே சிரிப்பு.

"திங்கக்கெழம ஒங்க ஆபீசுக்கு நானும் வரட்டா?"

திங்கட்கிழமை காலை அத்தை நல்ல சீலை கட்டி, கையில் ஒரு பையோடு, நுவரெலியாவில் கிளினிக் இருப்பதாகப் எல்லா வாசலிலும் சொல்லிவிட்டு என்னோடு படியிறங்கினார். கோயிலுக்குப் பின்னால் திரும்பியதும் இரண்டு பேரும் சீலையையும் பாவாடையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினோம். ஓட முடியாமல் அவர் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், கட்டிலில் படுத்தார், கம்பளியைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். மலைக்குப் போன வருடங்களையும் சேர்த்து, காய்ச்சல் இல்லாமல் பகலில் படுத்தது அதுதான் முதல் தடவை என்று சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார்.

நான் வேலையைப் பார்த்தேன். பத்தரை மணிக்கு அவர் வீட்டு வாசலில் யாரோ வந்து நின்று, "அத்தே, அத்தே" என்று கூப்பிட்டார்கள். சோறோ விறகோ தெரியாது. மறுபடியும் கூப்பிட்டார்கள். அத்தை கண்ணைத் திறக்காமலே புரண்டு படுத்து, "நா வேலைக்குப் போயிட்டேன்னு சொல்லு புள்ள" என்று முணுமுணுத்தார். நான் எப்படிச் சொல்வேன், நானும்தான் போயிருக்கிறேனே.